நெற்றியில் எழுதிய எட்டரை மணி

தம்பிகளே, தங்கச்சிகளே,

போன வாரம் நீங்கள் மலையடிவாரத்தில் முதலுதவிப் பயிற்சி செய்ததைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். நாற்காலி போட்டு, இளநீரும் வெட்டிக் கொடுத்தீர்கள். அம்மன் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். ஒரு தம்பி கால் வெட்டுப்பட்டவனாக நடித்தான். ஒரு தங்கச்சி அவன் காலில் கட்டுப் போட்டு முறுக்கினாள். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவன் நெற்றியில் மணியை எழுதினாள். எனக்கு இளநீர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "ஐயாவுக்குப் புரையேறிடுச்சு" என்று முதுகைத் தட்டினீர்கள். புரையேறவில்லை. அந்த நெற்றியைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒரு நெற்றி ஞாபகம் வந்துவிட்டது.

அதை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவன். ஆம்புலன்ஸ் வண்டியில் வேலை பார்த்துத் தலை நரைத்தவன். பேசுகிற மாதிரிதான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். மலாக்கா டவுனில் காஜா பெராங் என்கிற இடத்தில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். மருந்துக் கடையில் பொட்டலம் மடிக்கிற வேலை பார்த்தேன். மருந்து வருவது நின்றது, கடையும் நின்றது. ஊரில் அரிசி இல்லை. காட்டோரத்தை வெட்டி மரவள்ளி நட வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டான். ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஆள் பிடித்து பத்து பெரெண்டாம் என்கிற ஊருக்கு அப்பால் இருந்த காட்டுக்கு அனுப்பினார்கள். நாற்பது பேருக்கு ஒரு முதலுதவி ஆள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். மருந்துக் கடையில் வேலை பார்த்தவன் என்பதால் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் காகிதம் மடிப்பதுதான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்களுக்குப் பாடம் நடத்த டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மிஸ்ஸி வந்தார். நர்ஸை அந்தக் காலத்தில் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற செட்டிமார் குடியிருக்கும் கம்போங் செட்டியில் பிறந்து வளர்ந்தவர். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய் இருக்கும், நடுநடுவே எங்களுக்காகக் கொஞ்சம் தமிழ். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். ஆனால் பாடம் நடக்கும்போது அவரை நேராகப் பார்க்கப் பயமாக இருக்கும்.

முதல் நாளே எங்களை ஒரு மாமரத்தடிக்குக் கூட்டிப் போனார். எங்களில் ஒருவனைப் படுக்க வைத்தார். "இவன் மரத்திலேந்து வுழுந்துட்டான். காப்பாத்து" என்றார். பத்துப் பேரும் பாய்ந்து போய் அவனைச் சுற்றி முட்டிபோட்டு உட்கார்ந்தோம். மறு நிமிஷம் பத்துப் பேரும் குதித்தோம். அங்கே செவ்வெறும்புப் புற்று. வேட்டிக்குள் புகுந்துவிட்டது. படுத்தவன் நல்ல இடமாகப் பார்த்துத்தான் படுத்திருக்கிறான், எங்களைத்தான் எறும்பு பிடித்தது. மிஸ்ஸி சிரிக்கவே இல்லை.

"போடோ" என்றார். மலாயில் மடையன் என்று அர்த்தம். "ஒரு ஆளு வுழுந்தான். இப்ப பதினோரு ஆளு. மொதல்ல நில்லு. மூணு மூச்சு வுடு. மேலே பாரு, கீழே பாரு. அப்புறம் தொடு."

அந்த மூன்று மூச்சு, பிள்ளைகளே, என் வேலைக் காலம் முழுக்க எனக்குச் சோறு போட்டது.

அவர் சொல்லிக்கொடுத்த சாமானெல்லாம் காட்டிலும் வீட்டிலும் கிடைப்பதுதான். கட்டுத் துணிக்கு, கொதிக்க வைத்துக் காயப்போட்ட பழைய வேட்டி. எலும்பு முறிந்தால் அணைத்துக் கட்டப் பாக்குமட்டை. ஆளைத் தூக்க இரண்டு மூங்கிலில் கோத்த இரண்டு கைலி. ரத்தம் வந்தால் முதலில் அழுத்து, அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும் முறுக்குக் கட்டு. துண்டைச் சுற்றிக் கட்டி, ஒரு குச்சியைச் செருகித் திருகுவதுதான் முறுக்குக் கட்டு. அதைக் கடைசியாகத்தான் சொல்லிக்கொடுத்தார்.

"இறுக்குறது கெட்டிக்காரத்தனம் இல்லே" என்றார். "இறுக்கின காலுக்கு ரத்தம் போகாது. ரொம்ப நேரம் போனா கால் செத்துடும். செத்த காலை அவுத்துவுட்டா வெஷம் உடம்புக்குள்ளே போவும். அதனாலே மணி எழுது. நெத்தியிலே எழுது. ஆஸ்பத்திரியிலே நெத்தியைப் பார்த்துத்தான் கால் இருக்கணுமா போகணுமான்னு சொல்லுவாங்க."

நான் தலையாட்டினேன். நன்றாகத்தான் ஆட்டினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னான். அவன் ஊரில் என்ன மணியோ அதுதான் மலாக்காவிலும் மணி. எட்டரை என்று இருந்தது பத்து ஆகிவிட்டது. ஆபீஸ், ஆஸ்பத்திரி, காட்டு வேலை எல்லாம் அந்த மணிதான். மீறினால் அறை விழும்.

என் மாமனார் கல்யாணத்துக்கு ஒரு கைக்கடிகாரம் போட்டிருந்தார். அதை நான் தள்ளி வைக்கவில்லை. காரணம் பூஜை. காலையில் அம்மன் படத்துக்கு விளக்கேற்றுகிற நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் பழைய மணிக்குத்தான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரி கேட்பாள், "என்னங்க, ஊருக்கெல்லாம் ஒரு மணி, நமக்கு மட்டும் ஒரு மணியா?"

"இது சாமி மணி. ராகு, கேதுவெல்லாம் தோக்கியோவில் உத்தரவு வாங்கிக்கிட்டா வருது?" என்பேன்.

"அப்ப வேலைக்கு?"

"ஒன்றரையைக் கூட்டிக்கிட்டாப் போச்சு."

ஜப்பான்காரனுக்குக் கைக்கடிகாரம் என்றால் உயிர். கண்ணில் பட்டால் கழற்றிக்கொண்டு போய்விடுவான். அதனால் அதை ஒரு துணியில் முடிந்து இடுப்பில் சொருகி வைத்திருந்தேன். நான் எந்த மணியில் வாழ்கிறேன் என்று என் வீட்டுக்காரியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. ஜப்பான்காரனை ஏமாற்றிவிட்டதாக நினைப்பு.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் கூட்டத்தில் காத்தமுத்து அண்ணன் என்று ஒருவர். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலை நின்று போனதால் டவுனுக்கு வந்தவர். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், ஆத்தா, மனைவி. ஐந்து வாய்க்கும் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான். அவர் காவடி எடுத்தால் ஊரே வேடிக்கை பார்க்கும். அப்படி ஒரு கால் வீச்சு. அன்று அவர் பாராங் என்கிற நீளமான வெட்டுக்கத்தியால் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார். வளைந்து நின்ற ஒரு மூங்கில் அறுபட்டதும் விசிறியடித்தது. பாராங் திரும்பி அவருடைய ஆடுசதையில் இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடினேன். பத்தடி தூரத்தில் நின்றேன். மூன்று மூச்சு விட்டேன். மேலே பார்த்தேன். இன்னொரு மூங்கில் அதேபோல் வளைந்து காத்திருந்தது. "யாரும் கிட்டப் போகாதீங்க" என்று கத்தி, அவரை அக்குளில் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன். எறும்புக் கடி வீணாகவில்லை.

ரத்தம் துடித்துத் துடித்து வந்தது. வேட்டித் துணியை மடித்து வைத்து, இரண்டு கையாலும் என் உடம்புப் பாரம் முழுக்கப் போட்டு அழுத்தினேன். துணி நனைந்தது. அதன்மேல் இன்னொன்று. அதுவும் நனைந்தது. வேறு வழியில்லை. முழங்காலுக்கு மேலே துண்டைக் கட்டி, குச்சியைச் செருகித் திருகினேன். நின்றது. அம்மா தாயே என்றேன்.

உடனே இடுப்பு முடிச்சை அவிழ்த்து, யாருக்கும் தெரியாமல் கைக்குள் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். சட்டைப் பையில் மைப் பென்சில் இருந்தது. நுனியை நாக்கில் நனைத்தால் ஊதா நிறத்தில் எழுதும், கழுவினாலும் போகாது. காத்தமுத்து அண்ணன் நெற்றியில் காலையில் பூசிய திருநீறு பட்டையாக இருந்தது. அதை அழிக்க மனசு வரவில்லை. புருவத்துக்கு மேலே இருந்த இடத்தில் எழுதினேன்: 8.30.

"டேய், என் தலையில என்னடா எழுதுற?" என்றார். முகம் வெளுத்துப் போய்விட்டது, வாய் மட்டும் ஓயவில்லை.

"மணிண்ணே. ஆஸ்பத்திரியில பார்க்கணும்."

"பிரம்மா எழுதுனது பத்தாதுன்னு நீ வேறயா!" சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகக் கேட்டார், "தம்பி, கால் இருக்குமா?"

"இருக்கும்ணே. சீக்கிரம் போயிட்டா இருக்கும்."

"போனாலும் ஒரு லாபம் இருக்குடா. ஒத்தக் கால்காரனை சயாம் ரயிலு வேலைக்கு இழுத்துக்கிட்டுப் போவ மாட்டானுங்க." அந்த வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வராத காலம் அது. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "புள்ளைங்க மூணுடா" என்றார்.

மூங்கிலில் கோக்கக் கைலி வேண்டும். துணிக்குப் பஞ்சமான காலம். ஆளுக்கு இருப்பதே ஒன்று. இரண்டு பேர் யோசிக்காமல் அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். அந்த இருவரையும் நான் இன்றைக்கும் சாமி கும்பிடும்போது நினைத்துக்கொள்கிறேன்.

நான்கு பேர் தூக்கிக்கொண்டு சாலைக்கு நடந்தோம். கொஞ்ச நேரத்தில் கரி லாரி ஒன்று வந்தது. பெட்ரோல் இல்லாததால் அடுப்புக் கரியை எரித்து அந்தப் புகையில் ஓடும் லாரி. ஓட்டியவர் ஒரு முஸ்லிம் நானா. "ஏத்துங்கப்பா, அல்லா இருக்கான்" என்று பின்பலகையைத் திறந்துவிட்டார். நானும் ஏறப் போனேன். எங்கள் மண்டோர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வேலையை மேற்பார்க்கிற தமிழர்தான் அவர்.

"நீ எங்க போற? மிச்சம் இருக்குற ஆளுக்கு யாரு பார்க்குறது?"

அவர் சொன்னது சரிதான். கூட இரண்டு பேரை அனுப்பினேன். "நெத்தியைக் காட்டுங்க, மணி இருக்கு" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வந்து ஓடைத் தண்ணீரில் கை கழுவினேன். மனசுக்குள் கர்வம் என்றே சொல்ல வேண்டும். மிஸ்ஸி சொல்லிக்கொடுத்த எதையும் நான் மறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மண்டோர் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டில் 'டாங் டாங்' என்று அடித்தார். பதினொரு மணி, கஞ்சி நேரம்.

வெள்ளிக்கிழமை ஆயிற்றே, ராகு காலம் தொடங்குவதற்கு முன்னால் லாரி கிளம்பியது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதரை.

பதினொன்று. ஒன்பதரை.

காத்தமுத்து அண்ணன் நெற்றியில் நான் எழுதியது சாமி மணி. ஆஸ்பத்திரிச் சுவரில் இருப்பது ஜப்பான் மணி. நான் கட்டியது ஊர் மணிக்குப் பத்து. நெற்றியில் இருப்பதோ எட்டரை. எட்டரைக்கு நாங்கள் பெயர் கொடுத்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தோம், பாராங்கையே தொடவில்லை. லாரி போய்ச் சேர்ந்ததும் டாக்டர் நெற்றியைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார். மூன்று மணி நேரம் ரத்தம் இல்லாத கால் என்று நினைப்பார். செத்த காலை அவிழ்க்கக் கூடாது. அப்படியே வெட்டிவிடுவார்.

கண் பார்த்ததைக் கை எழுதிவிட்டது. ஒன்றரையைக் கூட்ட மனசு அங்கே இல்லை. தினமும் கூட்டிக்கொண்டு இருந்தவன், கூட்ட வேண்டிய ஒரே நாளில் கூட்டவில்லை. பதற்றத்தில் மனுஷன் தன் வீட்டுப் பழக்கத்துக்குத்தான் ஓடுவான், பிள்ளைகளே. அதனால் வீட்டுப் பழக்கத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டோரிடம் ஓடினேன். "சைக்கிள் குடுங்க. மணியைத் தப்பா எழுதிட்டேன். காலை வெட்டிடுவாங்க."

"சப்பான்காரன் வந்து தலையை எண்ணினா நான் என்னத்தைச் சொல்றது?"

"என்னத்தையாவது சொல்லுங்க. மூணு பொம்பளப் புள்ளைங்க அவருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். முதலுதவிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். "போய்த் தொலை. உனக்கு வயித்தால போகுது, பொதருக்குப் பின்னால இருக்கன்னு சொல்லிக்கிறேன். எவனும் எட்டிப் பார்க்க மாட்டான்."

"யாருக்காச்சும் அடிபட்டா அழுத்திப் பிடிங்க. கட்டாதீங்க."

"நான் கட்டுனாலும் மணி எழுத மாட்டேன்டா, போடா!"

அந்த சைக்கிளுக்கு டயர் கிடையாது. ரப்பர் விளைகிற நாட்டில் சைக்கிளுக்கு டயர் இல்லை, பாருங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார் மண்டோர். ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி முடிச்சு தரையில் இடித்து, ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். அந்த ஆட்டத்திலேயே அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டு மிதித்தேன். ஒரு குதிக்கு ஒரு மாரியம்மா. மலாக்கா போய்ச் சேர்வதற்குள் ஆயிரத்தெட்டு அர்ச்சனை முடிந்திருக்கும்.

வழியில் ஜப்பான் காவல்காரன் நின்றான். இறங்கிக் குனிந்து கும்பிட்டால்தான் விடுவான். இறங்கினேன், குனிந்தேன். என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்து அவன் ஏதோ கேட்டான். எனக்குப் புரியவில்லை. என் காலைக் காட்டி, கையால் அறுப்பது மாதிரி காட்டி, ஆஸ்பத்திரி என்றேன். அவன் என் காலைத் தேடிப் பார்த்தான். இரண்டும் இருந்தன. இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னான். குனிந்தேன். இடுப்பில் கடிகாரம் விழுந்துவிடுமோ என்று வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் சலித்துப்போய்ப் போகச் சொன்னான்.

ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு. அதாவது பத்தரை. சரியாக ராகு காலம் பிறக்கிற நேரம். ராகு காலத்தில் கடைக்குக்கூடப் போகாதவன் நான்.

ஆபரேஷன் அறை வாசலில் மிஸ்ஸி நின்றார். அடுப்பில் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ரம்பம். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ எத்தனை மணிக்குக் கட்டினே?"

"பத்து மணிக்கு மிஸ்ஸி. ஊர் மணிக்குப் பத்து. நான் எழுதினது பழைய மணி."

அவர் உடனே என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

உள்ளே டாக்டர் கையுறையோடு நின்றார். மேசைமேல் காத்தமுத்து அண்ணன் அரை மயக்கத்தில் இருந்தார். சுவரோரமாக ஒரு ஜப்பான் ஆபீசர் கையைப் பின்னால் கட்டி நின்றிருந்தான். அவனைப் பார்த்ததும் இடுப்பு முடிச்சின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன்.

"டாக்டர், மணி தப்பு. எட்டரை இல்லை, பத்து. ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு" என்றேன்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெத்தியில எட்டரைன்னு தெளிவா எழுதியிருக்கே. இப்ப வந்து பத்துங்கிறே. எதை நம்பறது? தப்பா அவிழ்த்தா ஆளே போயிடுவான், தெரியுமா?"

அவர் கேட்டது நியாயம். வாய் வார்த்தையை நம்பி அவர் எப்படி அவிழ்ப்பார்? காட்டுவதற்கு என்னிடம் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அதைக் காட்டினால் அந்த ஆபீசர் பார்ப்பான். காட்டாவிட்டால் கால் போகும்.

மூன்று மூச்சு விடுவதற்கு நேரமில்லை. ஒன்றே ஒன்று விட்டேன். முடிச்சை அவிழ்த்துக் கடிகாரத்தை டாக்டர் முன்னால் நீட்டினேன். "இதைப் பார்த்துத்தான் எழுதினேன். நான் இதை மாத்தி வைக்கலை."

டாக்டர் பார்த்தார். மிஸ்ஸி பார்த்தார். ஆபீசரும் வந்து பார்த்தான். கடிகாரம் பத்தரை. சுவர் பன்னிரண்டு. அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கன்னத்தில் ஓர் அறை விட்டான். இடது காதில் மூன்று நாள் வண்டு பாடியது. கடிகாரத்தை வாங்கி, முள்ளை ஒன்றரை மணி நேரம் திருகி வைத்து, தன் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அந்தக் கடிகாரம் ஊரோடு சேர்ந்தது அப்போதுதான்.

டாக்டர் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். வெட்டுப்பட்ட ரத்தக் குழாயைத் தேடிப் பிடித்துக் கட்டினார். மிஸ்ஸி காலடியில் குனிந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். விரல்கள் மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாயே, கடிகாரத்தை எடுத்துக்கொண்டாய், இதை விட்டுவிடு என்று வேண்டினேன்.

"ஆ!" என்றார் மிஸ்ஸி.

கண்ணைத் திறந்தேன். கட்டைவிரல் நகத்தடியில் ஒரு சொட்டு ரோஜா நிறம். பிறகு பக்கத்து விரல். அந்த நிறத்தை அதற்குப் பிறகு நான் எத்தனையோ விரல்களில் பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூடச் சலித்ததில்லை.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபின் மிஸ்ஸியிடம் கேட்டேன், "லாரி பதினொன்றரைக்கே வந்திருக்குமே மிஸ்ஸி. அரை மணி நேரமா எப்படி வெட்டாம இருந்தாங்க?"

அவர் அந்தக் கொதிக்கிற பாத்திரத்தைக் காட்டினார். "ரம்பம் வேகணுமே. நான் ரெண்டு தடவை வேக வெச்சேன். டாக்டர் கேட்டாரு. கீழே வுழுந்துடுச்சு, திரும்ப வேகணும்னு சொன்னேன்."

"நிஜமாவே விழுந்துச்சா?"

"நான் போட்டா வுழாதா?" அன்றுதான் முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன். பிறகு சொன்னார், "நெத்தி மூணு மணி நேரம்னு சொல்லுது. ஆனா சதை இன்னும் மெத்துமெத்துன்னு இருக்கு, வெறைக்கலே. ரெண்டும் ஒத்து வரலே. டாக்டர்கிட்டே சண்டை போட்டா நான் தோத்துடுவேன். அதான், ரம்பத்தை வெச்சு நேரம் வாங்கினேன். நீ வருவேன்னு எனக்குத் தெரியாது. யாராச்சும் வருவாங்கன்னு சாமிகிட்டே கேட்டேன்."

இதை நீங்கள் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஒன்று சொல்லி, உடம்பு ஒன்று சொன்னால், உடம்பை இன்னொரு தடவை பாருங்கள். சந்தேகத்தைச் சத்தமாகச் சொல்ல முடியாத இடமாக இருந்தால், நேரமாவது வாங்குங்கள்.

அடுத்து அவர் என்னைத் திட்டியதை இங்கே எழுதப் போவதில்லை. பாதி மலாய், பாதி தமிழ், முழுக்க நியாயம். கடைசியில் ஒன்று கேட்டார், "சாமி உன்கிட்டே மணி கேட்டுச்சா?"

சாமி கேட்கவில்லை. மணி கேட்டது டாக்டர்தான்.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளுடைய அப்பா கொடுத்த கடிகாரம். அழுவாள் என்று நினைத்தேன்.

"கால் பொழைச்சிடுச்சா?" என்றாள்.

"பொழைச்சிடுச்சு."

"அப்புறம் என்னங்க? கடிகாரமா நடந்து போய் மூணு புள்ளைக்குச் சோறு போடப் போகுது?" என்று சொல்லிவிட்டு, என் கன்னத்துக்கு மஞ்சள் அரைக்கப் போனாள். அரைத்துக்கொண்டே, "இனிமே நம்ம வீட்டுல விளக்கேத்துறது எந்த மணிக்கு?" என்று கேட்டாள். சூரியனைப் பார்த்து ஏற்றினோம். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

காத்தமுத்து அண்ணன் இரண்டு மாதம் கட்டிலில் இருந்தார். அவர் நெற்றியில் இருந்த ஊதா எழுத்து பத்து நாள் போகவில்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்லிச் சொல்லி, எனக்கு 'எட்டரை' என்று பெயரே வைத்துவிட்டார். காஜா பெராங் முழுக்க அந்தப் பெயர் பரவியது. "எட்டரை வராரு, ஒதுங்குங்க." "எட்டரை, உனக்கு இப்ப மணி என்ன?" மண்டோர்கூட ஆள் கூப்பிடும்போது அப்படித்தான் கூப்பிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் கையில் பென்சிலை எடுத்தால் ஒரு நொடி நிற்கப் பழகிவிட்டேன். அதனால்தான், பிற்பாடு ஆம்புலன்சில் என்னோடு வந்தவர்களிடமெல்லாம், மணி எழுதும் முன் வாய் திறந்து கேட்கச் சொல்வேன்: "ஆஸ்பத்திரியில் இப்போது மணி என்ன?" கேலி செய்வார்கள். கேட்பார்கள். எழுதுவார்கள்.

தங்கச்சி, உன் கட்டு அருமையான கட்டு. அதில் ஒரு குறையும் இல்லை. நீ எழுதும் முன் பக்கத்தில் இருந்தவனிடம் மணியைக் கேட்டுச் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான். உன் கடிகாரம் சரியாகத்தான் இருந்திருக்கும். என்னுடையதும் அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

ஜப்பான்காரன் தோற்றுப்போனான் என்று செய்தி வந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்த சமயம். நான் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியிலிருந்து யாரோ கத்திக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.

"எட்டரை! டேய், எட்டரை!"

காத்தமுத்து அண்ணன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"கடிகாரத்தையெல்லாம் ஒன்றரை மணி பின்னால தள்ளி வைக்கச் சொல்லிட்டாங்கடா! ஊரே உன் மணிக்கு வந்துடுச்சு!"

நான் கிழங்கைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். அவர் சொன்னது என் காதில் சரியாக ஏறவில்லை. என் கண் அவர் முகத்தில் இல்லை. அந்த மனுஷர் ஓடி வந்துகொண்டிருந்தார்.